பின் இடது ஸ்பீக்கர்

இது கதை இல்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்தது பட்டப்பகலில். காலை 10:15க்கு ஆரம்பித்தது, மாலை 3:22க்கு முடிந்தது. என் வேலையில் ஒவ்வொன்றுக்கும் நேரம் தானாகப் பதிவாகிவிடும். அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்ல முடிகிறது.

பழைய ராக் ஆல்பங்களை சரவுண்ட் சவுண்டுக்கு மாற்றுவது என் தொழில். அந்தக் காலத்து இசைத்தட்டுகள் இரண்டு ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. நான் மூல டேப்பை எடுத்து, டிரம்ஸ், கிடார், குரல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர்களில் நிற்கவைப்பேன். கேட்பவன் நடுவில் உட்கார்ந்தால் பாட்டு அவனைச் சுற்றி நடக்கும். பின் ஸ்பீக்கர்கள் சும்மா தூங்கினால் போதும், ரசிகர்கள் இணையத்தில் என்னை வறுத்து எடுத்துவிடுவார்கள்.

அவர்கள் பதினொரு வருடமாக ஒரே ஒரு ஆல்பத்துக்காக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய குழு ஒன்று உடைந்த பிறகு அதன் பாடகர் தனியாகப் போட்ட ஆல்பம் அது. எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்தார். கடைசிப் பாட்டில், நான்காவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில், ஒரு அலறல் வரும். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போலத் தூரமாக இருக்கும். அதை எப்படிப் பதிவு செய்தார்கள் என்று நாற்பத்தொரு வருடமாகச் சண்டை நடக்கிறது. அது பின்னாலிருந்து, இடது பக்கமாக வரவேண்டும் என்று எனக்கு மனு போட்டவர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

அந்தக் கூட்டத்தின் தலைவர் வேறு யாருமில்லை. என் தங்கையின் கணவர். பல் செட் செய்யும் லேபில் வேலை. முப்பத்தொன்பது வயது. பதினான்கு வயதிலிருந்து அந்த ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர். அவருடைய போனில் அழைப்பு வந்தால் மணி அடிக்காது, அந்த அலறல்தான் கேட்கும். தங்கை இதற்காகவே இரண்டு முறை போனை ஜன்னல் வழியாக எறியப் போயிருக்கிறாள்.

நான் வேலை செய்வது அந்த ஆல்பம் பதிவான அதே ஸ்டுடியோவில். என் நாற்காலிக்குப் பின்னால், இடது பக்கம், பாடகர் நின்று பாடிய சின்ன அறை இன்னும் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு சாண் கனத்தில் கதவு, தானாகவே மூடிக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து இரண்டு வருடமாகிறது, சரிசெய்ய வேண்டியவன் நான்தான். கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவைத்து நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அன்று மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு 10:15க்கு வந்து இறங்கினார். பையில் தண்ணீர் பாட்டில், போன், வீசிங் வந்தால் உறிஞ்சுகிற மருந்து. நாலு மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், அவரை நேரத்துக்கு அனுப்பிவிடு என்று தங்கை எனக்குச் செய்தி போட்டிருந்தாள்.

வந்ததும் அந்த அறையைப் பார்த்து, கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"மச்சான், ஒரே ஒரு தடவை. உள்ள நின்னு அதே மாதிரி கத்திப் பாக்குறேன்."

"வேலை முடியட்டும், மாப்பிள்ளை. பாக்கலாம்."

வேலை முடிந்தாலும் விடுவதாக எனக்கு உத்தேசம் இல்லை. அவர் கெஞ்சுவது எனக்குப் பிடித்திருந்தது. நான் அவ்வளவு நல்லவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

11:05. மாப்பிள்ளை டீ வாங்கக் கீழே போயிருந்தார். மூல டேப்பில் அலறல் இருந்த பதினாறாவது டிராக்கை, அந்த ஒரு தடத்தை மட்டும், தனியாகப் போட்டேன். அலறலுக்கு முன்னால் இன்னும் சில சத்தங்கள் அதில் இருந்தன. பழைய இசைத்தட்டில் அவற்றை அடக்கிவைத்திருந்தார்கள். மூன்று தட்டல். இடைவெளி. இரண்டு தட்டல். நகத்தால் கதவைப் பிறாண்டுவது போல ஒன்று. பிறகு இழுத்து இழுத்து ஒரு மூச்சு. ரசிகர்களுக்கு இது விருந்து என்று நினைத்தேன். எல்லாவற்றையும் உயர்த்தி, பின் இடது ஸ்பீக்கரில் வைத்தேன்.

11:20. டேப்பை நிறுத்தினேன்.

மூன்று தட்டல்... இரண்டு தட்டல்.

பின் இடது பக்கத்திலிருந்துதான். அந்த ஸ்பீக்கருக்கும் அறைக் கதவுக்கும் நடுவே இரண்டடிகூட இருக்காது. எழுந்து போய் அறைக்குள் பார்த்தேன். ஒரு மைக் ஸ்டாண்ட், ஒரு பழைய நாற்காலி. வேறு ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன்.

12:50. மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். டேப் ஓடவில்லை. திரையில் எல்லாக் கோடுகளும் பூஜ்யத்தில் கிடந்தன.

மூன்று... இரண்டு.

அவரிடம் கேட்டேன். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். மறுபடி எழுந்து போய்ப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. ஆனால் ஒரு வாசனை இருந்தது. பல் செட்டுக்கு ஊற்றும் அந்த ரோஸ் நிறக் கலவையின் காரமான வாசனை. மாப்பிள்ளையின் சட்டையில் எப்போதும் வருவது. அவர் அந்த அறைக்குள் இன்னும் கால்கூட வைக்கவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கட்டையை எட்டி உதைத்துவிட்டுக் கதவை இழுத்து மூடினேன்.

2:31. கடைசியாக முழுப் பாட்டையும் கேட்டுப் பார்க்கும் நேரம். ஏசி சத்தம் இடைஞ்சல் என்பதால் எப்போதும் போல அதை அணைத்தேன். அந்தச் சின்ன அறைக்கும் காற்று அதிலிருந்துதான் போகும். முகம் கழுவப் போனேன்.

2:36. திரும்பி வந்தபோது மாப்பிள்ளை இல்லை. பை சோபாவில் இருந்தது. கீழே போயிருப்பார் என்று நினைத்தேன்.

2:38. விளக்கைக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டைப் போட்டேன்.

2:41. மூன்று தட்டல்... இரண்டு தட்டல்...

காலையில் கேட்டதைவிடப் பல மடங்கு தெளிவு. கதவின் கனம்கூடக் கேட்டது.

பிறாண்டல்.

மூச்சு.

2:42. அலறல்.

என் பிடரி மயிர் நின்றது. எனக்குச் சந்தோஷம். பதினொரு வருடம் காத்திருந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாட்டு முடிந்தது. டேப் நின்றது.

மூன்று தட்டல்... இரண்டு...

நான் எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை ஏமாந்தாயிற்று.

இரண்டு...

நாற்காலியில் சாய்ந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், சத்தமாகவே சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு. போதும், நிறுத்து."

ஒன்று...

பிறகு நின்றுவிட்டது.

2:50. பாட்டு மெல்ல அடங்குகிற இடத்தை நாற்பது விநாடி நீட்டினேன். ரசிகர்களுக்கு அது பிடிக்கும். நீட்டிய பகுதியை நான் கேட்டுப் பார்க்கவில்லை. வெறும் டேப் இரைச்சலை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? 3:05க்குக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

3:22. அறைக்குள் அலறல்.

துள்ளி விழுந்தேன். சோபாவில் இருந்த பை. பைக்குள் அவருடைய போன். எடுத்து ஹலோ என்றேன். தங்கை.

"அவர் கிளம்பிட்டாரா அண்ணா?"

பையில் அந்த மருந்து இருந்தது.

போன் இருந்தது. மருந்து இருந்தது.

அவர் இல்லை.

மெல்லத் திரும்பினேன்...

பின் இடது பக்கம்.

கதவைத் திறந்தேன். அவர் கதவில்தான் சாய்ந்திருந்தார். திறந்ததும் என் கால்மேல் விழுந்தார். விரல் நகங்களில் ரத்தம். போன் இன்னும் என் கையில் இருந்தது. தங்கை "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டே முக்காலை ஒட்டி உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். ஏதாவது சத்தம் கேட்டதா என்று போலீஸ்காரர் விசாரித்தார். இல்லை என்றேன். தங்கையிடமும் அதையேதான் சொன்னேன். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன் என்று சேர்த்துச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, அந்த ஆல்பத்தை அன்று பதிவு செய்த என்ஜினியரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். எண்பத்திரண்டு வயது, ஆனால் நினைவு பிசகவில்லை. பதினாறாவது டிராக்கில் அவர்கள் எதையுமே பதிவு செய்யவில்லையாம். மைக்கே மாட்டவில்லையாம். பூட்டிவிட்டுப் போய் மறுநாள் வந்து போட்டுப் பார்த்தால் அது டேப்பில் இருந்ததாம். பாடகருக்குப் பிடித்துப்போய் அலறலை வைத்துக்கொண்டார். ஆனால் அதன் பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை.

"ஏன் சார் பாட்டை அவ்வளவு சீக்கிரம் அடக்கிட்டீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுக்கப்புறம் ஒரு ஆள் பேசுறான் தம்பி. அதை எங்களால கேக்க முடியல."

போனை வைத்துவிட்டு, நான் நீட்டிய நாற்பது விநாடியைப் போட்டேன்.

இரைச்சல்... இரைச்சல்...

மூன்று தட்டல். இரண்டு தட்டல். இரண்டு.

பிறகு, கனமான கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சாவகாசமாக...

"நல்லாத்தான் இருக்கு. போதும், நிறுத்து."

அந்த டேப் பதிவான வருடம் எனக்கு மூன்று வயது.

ஆல்பம் போன வாரம் வெளிவந்தது. ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். கதவைத் திறக்கத் தான் நிஜமாகவே எழுந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். கடைசியில் பேசுவது யார் என்ற விவாதம் அறுபத்திரண்டு பக்கம் ஓடிவிட்டது. இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நேற்றுத் தங்கை கூப்பிட்டாள். அவர் பதினொரு வருடம் காத்திருந்ததைத் தானும் ஒரு தடவை கேட்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து, அவர் உட்காரும் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் காட்ட வேண்டுமாம்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் குரல் அவளுக்குத் தெரியும்.