காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கம்

எங்கள் அப்பா பிறந்ததும் வளர்ந்ததும் சித்தாண்டியில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆற்றுக்கு மேற்கே பாட்டன்வழி வந்த மூன்று ஏக்கர் வயலை உழுதே எங்கள் மூவரையும் ஆளாக்கினார். வட்டை என்று நாங்கள் சொல்லும் அந்த வயல்வெளியில் பயிர் செய்தவர்கள் பத்து வருடங்களுக்கு மேல் அவரையே வட்டை விதானையாகத் தெரிவுசெய்தார்கள். எந்த நாளில் விதைப்பது, எப்போது நீர் திறப்பது என்று அவர் சொன்னால் மறுபேச்சு இராது.

சுனாமி கல்குடாப் பக்கம் இருந்த எங்கள் மாமியையும் அவருடைய வீட்டையும் கொண்டுபோனது. அப்பாவுக்கு அவர் ஒரே தங்கை. அதன்பின் அப்பா மாறிப்போனார். "சொல்லாம வாற அழிவுக்கு மனிசன் ஏதாவது ஒரு பிடிமானம் வைக்கணும் புள்ள" என்று அடிக்கடி சொல்வார். அடுத்த வருடம் பயிர்க் காப்புறுதிப் படிவம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து தந்தார். அப்போது நான் வந்தாறுமூலையில் பல்கலைக்கழக மாணவி.

"இது எதுக்கெல்லாம் தருவாங்க எண்டு வாசிச்சுச் சொல்லு."

எனக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. முன்பக்கத்தை மட்டும் வாசித்தேன். "பயிர் அழிஞ்சாத் தருவாங்க அப்பா" என்றேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை நான் வாசிக்கவே இல்லை.

என் சொல்லை நம்பி அப்பா அதை வட்டையில் எல்லோருக்கும் சொன்னார். வருடா வருடம் பலர் பணம் கட்டினார்கள். பிறகு கதிர் முற்றியிருந்த ஒரு மாசியில் சண்டை மேற்கே வந்தது. பாதை மூடப்பட்டது. அறுவடைக்கு யாரும் ஆற்றைக் கடக்க முடியவில்லை. பாதை திறந்தபோது வயலில் மாடுகள் மேய்ந்த தாள்தான் மிஞ்சியிருந்தது.

அப்பாவுடன் காப்புறுதிக் கந்தோருக்கு நானும் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ஐயா, வெள்ளம், வறட்சி, பூச்சி, யானைக்கு இரிக்கு. சண்டையால விட்டுட்டுப் போன பயிருக்கு இல்ல. இந்தா, எழுதியிரிக்கு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அன்று மாலை வட்டைக்காரர் எங்கள் வளவுக்கு வந்தார்கள். கணவனை இழந்து தனியே வயல் செய்த ஒரு அக்கா அழுதபடி கேட்டார்: "உங்கட வாயை நம்பித்தானே அண்ணன் எழுதினோம்?"

"ஓம் தங்கச்சி. எனக்குத்தான் விளங்கல்ல. பிழை என்ட."

நான் கதவடியில் நின்றேன். வாய் திறக்க முயன்றபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். ஆட்கள் போன பின், "படிக்கிற புள்ள, உன்ட பேர் கெடப்படா. இதை ஒருத்தருக்கும் சொல்லாத" என்றார். அந்தப் போகத்தோடு விதானைப் பொறுப்பையும் விட்டார். பலர் வீதியில் கண்டாலும் பேசாமல் போனார்கள்.

அதன்பின் அப்பா பலமுறை கந்தோருக்குப் போனார். உத்தியோகத்தரிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டு விளங்கிக்கொண்டு வந்தார். போர் முடிந்தபின் பெருவெள்ளம் வந்தபோது, பேசாதவர்களின் வீட்டுக்கும் நனைந்துகொண்டு போனார். "இண்டைக்கே போய் அறிவிச்சுப்போடுங்க. தண்ணி வத்தின மறுகா போனா அவங்களுக்குக் காட்ட ஒண்டும் இரிக்காது." போனவர்களுக்கு ஓரளவு இழப்பீடு கிடைத்தது. அந்த அக்காவுக்கும் கிடைத்தது.

அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவ்வருடம் சுகவீனத்தால் பிந்தி விதைத்திருந்தார். குறித்த நாளுக்குப் பிந்தி விதைத்த பயிருக்குக் காப்புறுதி இல்லை. சேதம் பார்க்க வந்த உத்தியோகத்தர் விதைத்த நாளைக் கேட்டபோது அப்பா உள்ளபடியே சொல்லிவிட்டார். நான் கோபப்பட்டேன்.

"நான் ஒரு பொய் சொன்னா, மத்தாக்கள்ட உண்மையையும் நம்பமாட்டாங்க புள்ள."

வெள்ளத்தில் போன போகத்தோடு அவர் வயலைக் குத்தகைக்கு விட்டார். பிறகு திரும்ப அதில் இறங்கவே இல்லை. கடைசி இரண்டு வருடங்கள் பாரிசவாதத்தில் படுக்கையில் இருந்தார். பேச்சும் தெளிவில்லை.

அந்நாட்களில் எந்நேரம் அழைத்தாலும் ஆட்டோ கொண்டுவந்த ஓட்டமாவடி நானாவுக்கும், அம்மாவுக்குத் துணையிருந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இந்த நினைவு மலர் வட்டைக்காரர் எல்லோருடைய கையிலும் கிடைக்கும் என்று அறிவேன். அப்பா சொல்லாதே என்றதை அவர் இல்லாத இந்த ஓராண்டு நிறைவில் சொல்லிவிட்டேன். அவர்மேல் உங்களுக்கு இன்னும் மனக்குறை இருந்தால், தயவுசெய்து அதை அவரிடமிருந்து எடுத்து என்மேல் வையுங்கள்.

மகள்