பேச்சியிடம் சொல்லாத காலை

திருவனந்தபுரம் வந்த புதிதில், கரமனைப் பக்கம் ஒரு கரண்டு கம்பத்தில் கறுப்புக்கொடி கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஏதோ கட்சிக்காரர்களின் பந்த் என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் டீக்கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பந்தல்ல அக்கா, மரணமாணு. ஆ வளவிலெ வீட்டில்" என்றார். அந்தச் சாவுவீட்டு வளைவைத் தாண்டித்தான் நான் வந்திருந்தேன். ஒரு சத்தமும் காதில் விழவில்லை. முற்றத்தில் தார்ப்பாய், வாடகை நாற்காலிகள், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆட்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர் வள்ளியூருக்குத் தெற்கே. அங்கே ஒருத்தர் போய்விட்டால் கொட்டுச்சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். பெண்கள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கிக்கொண்டு வருவார்கள். யாரும் யாரிடமும் மறைக்க முடியாது. இங்கே ஒரு சாவை மறைக்கலாம். நானே மறைத்திருக்கிறேன்.

எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். ஒரு நாளைக்கு அரைப்பக்கம் என்று எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பீடி சுற்றினேன். இங்கே வந்து பழவங்காடியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். வீட்டுக்காரர் கொத்தனார், அவர் பின்னாலேயே சித்தாளாகப் போனேன். மஞ்சள்காமாலையில் அவர் போனபோது என் மகன் முருகன் இடுப்பில் இருந்தான். ஊருக்கு வந்துவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் போகவில்லை. ஊர்ப்பக்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு செட்டு கட்டினேன். என் தங்கச்சி பேச்சியையும் கூட்டிவந்தேன். நாங்கள் அஞ்சு பிள்ளைகள், அவள் கடைக்குட்டி. பன்னிரண்டு வயசு வரை அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள். தொண்ணூறுகளில் கூரை வார்ப்பு என்றால் இந்தப் பக்கத்து இஞ்சினியர்கள், "செல்லம்மையெ விளிக்கு" என்று என்னைத்தான் கூப்பிடச் சொல்வார்கள். பொம்பளை மேஸ்திரி என்று சிரித்தவர்களே அப்புறம் ஆள் அனுப்பினார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வார்ப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூரைக்குக் கான்கிரீட் போடத் தொடங்கினால் முடிகிறவரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் முதலில் போட்டதும் பிறகு போட்டதும் ஒட்டாது, மழைக்கு ஒழுகும். கீழே மெஷின் கலவையைக் கொட்டும். சாரத்தின் மேல் பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவோம். மேஸ்திரியானாலும் நான் வரிசையில்தான் நிற்பேன். எனக்குக் கீழ்ப்படியில் பேச்சி. அவள் தூக்கித் தருவாள், நான் வாங்குவேன்.

அன்றைக்கு ஒரு டீச்சர் வீட்டில் வார்ப்பு. ஆரியசாலையில் மெஷின் வாடகைக்கு விடுகிற அண்ணாச்சி கடைக்குத்தான் ஊரிலிருந்து எங்களுக்குப் போன் வரும். ஒன்பது மணிக்கு அந்தக் கடை வண்டிக்காரர் வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, ஒங்க அம்மா தவறிட்டாவளாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்காவ. ஒங்க தம்பி பேசினாரு. ரெண்டு பேரும் ஒடனே கெளம்புங்க."

செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டேன். "பேச்சிக்கிட்ட சொல்லிராதீய" என்றேன். என்ன கணக்குப் போட்டேன் என்றால், ஒரு மணிக்கு வார்ப்பு முடிந்துவிடும், உடனே பஸ் ஏறினால் எடுப்பதற்கு முன்னால் முகம் பார்த்துவிடலாம். இப்போதே சொன்னால் இவள் கதறுவாள், வரிசை குலையும், பாண்டிக்காரிகள் (தமிழ்ப் பெண்களை இங்கே இளப்பமாக அப்படித்தான் சொல்வார்கள்) பாதியில் போட்டுவிட்டுப் போனார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகும். வேலைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பெயருக்காகச் செய்தேன்.

திரும்ப வந்து சாரத்தில் நின்றேன். "என்னக்கா, மொகம் கறுத்துக் கெடக்கு? அண்ணாச்சி மெஷினைத் திருப்பிக் கேட்டாரோ?" என்று பேச்சி கேலி செய்தாள். "சட்டியத் தூக்குட்டி" என்றேன். டீச்சரும் வந்து, "எந்தா செல்லம்மே, கண்ணு சுவந்நிரிக்குந்நு?" என்று கேட்டார். "சிமெண்டு தூசி டீச்சர்" என்றேன். பாவம், உள்ளே போய்க் கண் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பதினோரு மணிக்கு மெஷினின் பெல்ட் அறுந்தது. மாற்றி ஓடவைக்க இரண்டு மணி நேரம். அப்போதாவது போயிருக்கலாம். இந்தா ஓடிவிடும், இந்தா ஓடிவிடும் என்று நின்றுகொண்டே இருந்தேன். முடியும்போது மூன்றரை. அம்மாவுக்குச் சீக்கு என்று மட்டும் சொல்லிப் பேச்சியை பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் அவள், "ஆஸ்பத்திரியில சேத்திருப்பாவளோ? நான் கூட இருந்து பாத்துக்கிடுதேன். நீ லீவு குடுப்பியாக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா கிடந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள், தரை காயவில்லை. தம்பி ஓடிவந்து, "காலைல எட்டரைக்கே போன் போட்டனே அக்கா, எங்க போனீய?" என்றான். பேச்சி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒனக்குத் தெரிஞ்ச பொறவு எங்கையில இருந்து எத்தனை சட்டிக்கா வாங்கினே?"

அதோடு பேச்சு நின்றது. அவள் திரும்பி வரவில்லை. ஊரிலேயே காட்டுவேலைக்குப் போனாள், கல்யாணம் முடித்தாள். கல்யாணத்தில் எல்லாரோடும் என் காலையும் தொட்டுக் கும்பிட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. கூரைக்கு அடியில் முட்டுக்கொடுத்த தகரச் சீட்டுகளைப் பிரிக்கப் போனபோது, அம்மா செத்த சேதியை டீச்சரிடம் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, ஒரு வாக்கு பறஞ்ஞூடாயிருந்நோ? கார் இவிடெ வெறுதெ கிடந்நதல்லே!" ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சும்மா கிடந்த காரில் அனுப்பியிருப்பாராம். அன்றைக்குக் காலையில் அந்தக் காரின் மேல் சிமெண்டு சிந்தாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டு மூடியவளே நான்தான். இவர்கள் ஒருநாளும் பாதியில் போக விடமாட்டார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர்களை நான் கேட்கவே இல்லை.

பத்து வருஷம் கழித்து, முருகன் கரமனை ஆற்றுக்கு அந்தப்பக்கம் மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டினான். மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் கூரை போட்ட எனக்கு ஒரு கூரை. பேச்சிக்கு நானே கார்டு எழுதினேன். இன்ன நாள் வார்ப்பு, வா, என்று. வரமாட்டாள் என்றுதான் இருந்தேன். காலையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, துண்டைச் சும்மாடு சுற்றியபடி வந்து நின்றாள். யாரும் சொல்லாமல் எனக்குக் கீழ்ப்படியில் போய் நின்றாள். அவள் தூக்கித் தந்தாள், நான் வாங்கினேன். தலைமுடி இரண்டு பேருக்கும் நரைத்திருந்தது.

இங்கே வார்ப்பு நாளில் வீட்டுக்காரர்கள்தான் வேலையாட்களுக்குச் சாப்பாடு போடவேண்டும். மருமகள் சோறும் மீன்குழம்பும் ஆக்கியிருந்தாள். ஆள் மாற்றிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். "ஏட்டி பேச்சி, நீ போய் ரெண்டு வாய் சாப்பிடு" என்றேன். பத்து வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் சொன்ன முதல் பேச்சு.

"வார்ப்பு நிக்கக் கூடாதுல்லா மேஸ்திரி" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. முருகனும் சிரித்தான். "முருகா, மெஷினை நிறுத்துலே" என்று சொல்ல வாய் வந்தது. என் வீடு, என் கூரை. ஒழுகினால் எனக்குத்தானே ஒழுகும்? நிறுத்திவிட்டு, எல்லார் முன்னாலும், அன்றைக்கு உன்னிடம் சொல்லாதது தப்பு என்று சொல்லியிருக்கலாம். இஞ்சினியர் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக் கூரை பளபளவென்று ஈரமாகக் கிடந்தது. நான் கையை நீட்டி, "அடுத்த சட்டி" என்றேன்.

முடிந்ததும் கைகால் கழுவினாள். முருகனுடைய பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள், பிள்ளை மலையாளத்தில் ஏதோ கேட்டது, அவளுக்குப் புரியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். நான் சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை.

"பேச்சி" என்றேன். அன்றைக்குச் சொல்லாதது தப்பு என்று சொல்லத்தான் வந்திருந்தேன். பஸ் உறுமியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே கூட நாலு எட்டு நடந்தேன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "அம்மச்சீ, கேறுந்நோ இல்லையோ? ஒந்நு பறயு!" ஏறப்போகிறேனா இல்லையா, ஏதாவது ஒன்று சொல்லச் சொன்னார்.

நான் அவரையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. கை கம்பியில் இருந்தது.