காருக்குள் கிலுகிலுத்த சத்தம்

போன வருடம் ஆவணி மாதம், மழை தொடங்குவதற்கு முன் நடந்தது இது. எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம், ஸ்கந்தபுரத்தில். வீட்டில் நானும் என் கணவரைப் பெற்ற மாமியும் மட்டும்தான். அதற்கு முந்தின மாரியில் என் கணவர் வயலுக்குள் நின்று வேலை செய்து, எலிக்காய்ச்சல் வந்து, திடீரென்று போய்விட்டார். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கசாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "கைக்குது" என்று முகத்தைச் சுளித்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர் விட்டுப்போனது ஒரு பழைய வெள்ளைக் கார். வயல் வேலை இல்லாத நாட்களில் அதில்தான் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடுவார். கிளினிக் போகிற கர்ப்பிணிகள், கண் காட்டப் போகிற வயசுபோன ஆட்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் காருக்குள் ஒரு சத்தம் இருந்தது. தார் றோட்டில் ஒன்றும் கேட்காது. கிரவல் றோட்டில் இறங்கினால் போதும், கிலுகிலு, கிலுகிலு. குழந்தையின் கிலுகிலுப்பையை யாரோ எங்கேயோ ஒளித்துவைத்து ஆட்டுவது மாதிரி. வளைவில் திரும்பினால் ஒரு பக்கத்தால் மற்றப் பக்கம் ஓடும்.

அவர் இருந்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைத் தேடாத தேடல் இல்லை. ஓடுகிற சீற்றில் இருந்தால் எஞ்சின் சத்தத்துக்குள் அது எங்கே என்று பிடிபடாது; பின்னால்தான் எதுவோ கழன்றுவிட்டது என்று அவருக்கு நினைப்பு. என்னைப் பின் சீற்றில் படுக்க வைத்துவிட்டு, குளக்கட்டு றோட்டில் ஓடுவார்.

"காதைக் குடுத்துக் கேள். எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்... இல்லையப்பா, இடப்பக்கம். பொறுங்கோ, கீழ!"

"உன்னை நம்பினா காரை முழுசாக் கழட்டிச் சாக்கில கட்டவேணும்."

ஜாக்கைக் கழற்றிப் பார்த்தார். பின் கதவைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். சத்தம் போகவில்லை. கடைசியில், "விடு, தன்ர பாட்டில கதைக்கட்டும். உன்னை மாதிரித்தான், வாய் ஓயாது" என்றார். நான் அவருடைய முதுகில் ஒன்று போட்டேன்.

அவர் போனபிறகு காரை நான் ஓடத் தொடங்கினேன். குளக்கட்டில் எனக்கு ஓடப் பழக்கியதும் லைசன்ஸ் எடுக்க வைத்ததும் அவர்தான். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வேறு எந்த வேலைக்குப் போவேன்? ஆனால் அவர் ஓடும்போது சிரித்துக்கொண்டு வந்த ஆட்களுக்கு, நான் ஓடும்போது அந்தச் சத்தம் பயமாக இருந்தது. ஒரு அக்கா பாதி வழியில் கதவைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, சில்லுக் கழண்டு ஓடப்போகுது, என்னை இதில இறக்கி விடு" என்றார். அந்தக் கதை ஊருக்குள் பரவி, கூப்பிடுகிற ஆட்கள் குறைந்துபோனார்கள்.

மாமி அந்தக் காரில் ஏறவே மாட்டா. முற்றத்துக்கு நான் காரைக் கொண்டுவந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. ஒருநாள் நேரே சொல்லிவிட்டா.

"வித்துப்போடு பிள்ளை."

"அவற்ற காரை நான் விக்கமாட்டன் மாமி."

"அப்ப அந்தச் சத்தத்தை நிப்பாட்டு. அவன் போய் வருசம் திரும்பிற ஆட்டைத் திவசத்துக்கு முதல் நிப்பாட்டாட்டி, கேட்டு வாற ஆருக்கெண்டாலும் குடுத்துப்போடுவன்."

பொம்பிளைப் பிள்ளை கார் ஓடுவது மாமிக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். அன்று கோபத்தில் சாப்பிடவும் இல்லை. அவருடைய கை பட்ட ஸ்ரேறிங்கை இன்னொருவர் பிடிப்பதை நினைக்கவே முடியவில்லை. இரவில் யாரும் பார்க்காத நேரம் அதைத் தடவிவிட்டுத்தான் படுக்கப் போவேன்.

கிளிநொச்சியில் இரண்டு கராஜில் காட்டினேன். தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், நிற்கிற காரில் சத்தம் கேட்டால்தானே! வவுனியாவில் கராஜ் வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் அண்ணன் இருக்கிறார், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள், பொறுமையாகப் பார்ப்பார் என்று யாரோ சொன்னார்கள். தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும்போது எங்கள் பக்கத்தில் எந்த வாகனமும் நிற்காமல் போகாது. இறங்கிக் கும்பிட்டு, திருநீறு பூசி, கூம்பாய்ச் சுற்றின பேப்பர்ச் சரையில் வறுத்த கச்சான், அதுதான் வேர்க்கடலை, வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அன்று நான் நிற்கவில்லை. அவர் இல்லாமல் அந்த இடத்தில் இறங்க எனக்குக் கால் வரவில்லை. பிள்ளையார் பக்கம் திரும்பாமலே ஓடிவிட்டேன்.

நானாவும் காரைத் தூக்கி வைத்து அடியெல்லாம் பார்த்தார். "ஒண்டும் இல்லையே தங்கச்சி. என்னக் கண்டு வெக்கப்படுது போல" என்றார். பிறகு, "ஓடிப் பாத்தாத்தான் சரி" என்று சொல்லி, கராஜோடு ஒட்டின வீட்டைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "நீயும் வா. நான் தனியக் கூட்டிட்டுப் போனா நாளைக்கு ஊரே கதைக்கும்."

"ஊர் என்ன, நானே கதைப்பன்" என்றபடி மனைவி வந்தார். தோளில் தூங்குகிற குழந்தையோடு பின் சீற்றில் ஏறி, அதை நீட்டிப் படுக்கவைத்துவிட்டார். எனக்கு மிஞ்சினது முன் சீற், சாரதிக்குப் பக்கத்தில்.

அது என்னுடைய இடம். அவர் இருந்தபோது அதில் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வருவேன்; அவர் போனபிறகு நான் அதில் ஒருநாளும் இருக்கவில்லை. நானா என்னைப் பார்த்தார். "ஏறுங்க தங்கச்சி, ஏன் நிக்கிறீங்க?" ஏறி இருந்தேன்.

கிரவல் றோட்டில் இறங்கினதும் சத்தம் தொடங்கியது. கிலுகிலு. பின்னால் இல்லை! என் மூக்குக்கு நேரே. கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போட்டுக்குள்ளே. கையை அதன் மேல் வைத்தேன். உள்ளே எதுவோ ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது. "நானா, இஞ்ச! இஞ்ச கேக்குது!" என்று கத்திவிட்டேன். பின்னால் குழந்தை எழும்பி அழுதது.

கராஜுக்கு வந்து டாஷ்போட்டைக் கழற்றினார். கண்ணாடிக்குக் காற்றுப் போகிற குழாய்க்குள் விரலை விட்டு, எதையோ வழித்து எடுத்துக் கையில் கொட்டினார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, நீங்க வச்சிருக்கிறது காரா, கச்சான் கடையா?"

காய்ந்து கல்லாய்ப் போன கச்சான் பருப்புகள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

முறிகண்டியில் வாங்கின கச்சானை நான்தான் உடைப்பேன். ஓடுகிற ஆள் எப்படி உடைப்பது? மேல் ஓட்டுக் கோதை மடியில் போட்டுவிட்டு, பருப்புகளை டாஷ்போட்டின் மேல் அவருக்கு எட்டுகிற மாதிரி வைப்பேன். அவர் றோட்டைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாய் எடுத்து வாயில் போடுவார். கண்ணாடியோரம் காற்று வருகிற ஓட்டையின் மூடி ஓரிடத்தில் உடைந்திருந்தது. உருண்டதெல்லாம் அதற்குள் விழுந்திருக்கிறது. "எங்க, முடிஞ்சுதோ?" என்று கையால் தடவுவார். "நீங்கள்தானே திண்டனீங்கள்" என்பேன் நான்.

பிறகு நான் அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சொல்லத் தெரியவில்லை. நானாவின் மனைவி குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். நானா ஒரு பேப்பர்த் துண்டைச் சரை சுற்றி, அந்தக் கச்சானை அதற்குள் போட்டு என் கையில் தந்தார். "உடைஞ்ச இடத்த அடைச்சு விடவா?" என்று மெதுவாகக் கேட்டார். ஏனோ தெரியவில்லை, வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது கார் ஒரு சத்தமும் போடவில்லை. முறிகண்டியில் நிறுத்திக் கும்பிட்டேன்.

வீட்டு முற்றத்தில் நிறுத்தி, குசினி வாசலுக்குப் போனேன். மாமி திடுக்கிட்டுத் திரும்பினா.

"எப்ப வந்தனி? கேக்கேல்லையே!"

"சத்தம் நிண்டிட்டுது மாமி. இனி விக்கத் தேவையில்லை."

சரையைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். மாமி கதிரையில் இருந்துவிட்டா.

"வீட்டு ஒழுங்கைப் பாதையால அந்தச் சத்தம் வரேக்க, அவன்தான் வாறான் எண்டு எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பன். பாத்தா நீ இறங்கி வருவாய். ஒவ்வொரு நாளும் அவன் வந்து வந்து செத்தான் பிள்ளை. அதுதான் விக்கச் சொன்னனான்." சரையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சொன்னா. "இண்டைக்கு அவன் வரவே இல்லை."

அப்படியே எழும்பி முற்றத்துக்குப் போனா. ஒருநாளும் ஏறாத மனிசி முன் கதவைத் திறந்து, என்னுடைய சீற்றில் இருந்தா. "எதுக்குள்ள விழுந்தது?" என்று கேட்டா. உடைந்த இடத்தைக் காட்டினேன். சரையில் இருந்து ஒரு பருப்பை எடுத்து அதற்குள் போட்டா. உள்ளே டிக்கென்று விழுந்தது.

"ஒழுங்கை திரும்பிற முடக்கு மட்டும் ஓடு, பாப்பம்."

ஓடினேன். கிரவலில் ஏறினதும் அது உருண்டது. முந்தின மாதிரி இல்லை, மெல்லிசாக, கிட்ட இருந்தால்தான் கேட்கும். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டா.

கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஹயரும் வருகிறது. நிறுத்த வேண்டும் என்று நானும் அவரும் ஊரெல்லாம் ஓடித் தேடின அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்றுதான், இப்போது முறிகண்டியில் இறங்குகிற நேரமெல்லாம் நான் கும்பிடுகிறேன்.