அப்பாவின் காரில் ஊற்றாத ஆயில்

தாம்பரம் வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. எஞ்சின் ஆயிலோடு கலக்கும் அடிட்டிவ் வெறும் மனப்பிராந்தி என்பது இன்று காலை எங்கள் வீட்டில் நிரூபணமானது. விஞ்ஞானி, அடியேன்.

கடைக்காரர் பேச்சை நம்பி அப்பா ஒரு பாட்டில் வாங்கி வந்து, காரில் ஊற்றும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். ஊற்றிவிட்டதாகச் சொன்னேன். ஊற்றவில்லை.

இன்று வண்டலூர் வரை ஓட்டிவிட்டு வந்தவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "சத்தமே இல்லடா. வெண்ணெய் மாதிரி போகுது."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக்குக்கு போன் போட்டார். "பாஸ்கர், இந்த மாசம் ஆயில் மாத்த வேணாம்பா. அதான் மருந்து ஊத்தியாச்சே."

ஏற்கெனவே இரண்டு மாதம் தள்ளிப்போன வேலை அது. என் விளையாட்டு எஞ்சினையே காவு வாங்கிவிடும் போலிருந்தது. உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் வாசலுக்குமாக ஏழெட்டு முறை நடந்தேன். அடிட்டிவ்வில் 'அடி' இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. இருந்தும் சொல்லிவிட்டேன்.

அப்பா கத்தவில்லை. பாஸ்கரை மறுபடி அழைத்து, நாளைக்கே வண்டியை விடுவதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த பாட்டில் எங்கடா?"

காலி. என் ஸ்கூட்டரில் ஊற்றிவிட்டேன். நேற்று பல்லாவரம் மேம்பாலத்தில், பின்னால் இருந்த நண்பனிடம், "மச்சான், பிக்கப் பாத்தியா, சும்மா அள்ளுது" என்று நானே சொன்னேன்.

சிரிக்கிறவர்கள் கமெண்டில் வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் அள்ளியது உண்மை.