இடப்பக்கம் திரும்பாத இழுவைப்படகு

சாவுச் செய்தி வந்தபோது நான் நஜீம் நானாவின் கதிரையில்தான் இருந்தேன். அவர் இரண்டு நாள் லீவு. என் கதிரைக்குக் கால் ஆடும். கிண்ணியாவிலிருந்து அவர் மனைவி ரமீஸா ராத்தா அழைத்தார். "தங்கச்சி, அவங்க மௌத்தாகிட்டாங்க. விடிய சுபஹு தொழுதிட்டுப் படுத்தவங்க." நான் எழுந்து நின்றேன். பிறகு அந்தக் கதிரையில் உட்கார முடியவில்லை.

துறைமுக வீதியிலுள்ள நம் கப்பல் முகவர் அலுவலகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு, சரக்குப் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழை விடாத மனிதராக அவரைத் தெரியும். வீட்டில் அவர் ஒரு கணினி விளையாட்டு எழுதினார் என்பது தெரியாது. விசைப்பலகை அளவே உள்ள, கசெற் நாடாவிலிருந்து நிரலை ஏற்றுகிற பழங்காலக் கணினி அது. இழுவைப்படகு ஒரு பெரிய கப்பலைத் துறைமுக வாயிலால் இழுத்து வந்து இறங்குதுறையில் கட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கு நான்கு வருடம். விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் பதவி எனக்கு.

முதலில் உப்புக்காற்றில் விசைகள் ஒட்டின. களப்பில் விழுந்த போனை அரிசிக்குள் புதைப்பதுபோல், கணினியை நான்கு நாள் அரிசிப் பீப்பாவுக்குள் புதைத்தார். வெளியே எடுத்துப் போட்டால் திரையில் எழுத்துகள் தாமாகவே ஓடின. "பழுதில்ல தங்கச்சி. உள்ளுக்கு ஆக்கள் குடிவந்திருக்காங்க." அரிசி வண்டு. கணினியைக் கழற்றிச் சுளகில் பரப்பி முற்றத்து வெயிலில் வைத்தார். வண்டுகள் போய்விட்டன. இடப்பக்கம் திருப்பும் விசையின் மூடியும் போய்விட்டது. வேறு விசைக்கு மாற்றலாமே என்றேன்.

"விசைய மாத்தினா விரல் குழம்பும். துறைமுகத்த மாத்துவம்."

மாற்றினார். அவருடைய திருகோணமலையில் எல்லாக் கப்பலும் வலப்பக்கமே திரும்பும். அதற்காகத் திரையிலிருந்த துறைமுகக் கோட்டை ஒருமுறை கடலுக்குள் போய் வந்தது.

பிறகு நாடாக்கள் பூஞ்சணம் பிடித்து ஒவ்வொன்றாகச் செத்தன. ஒரு நாள் அவசரத்தில், கைக்கு எட்டிய நல்ல நாடா ஒன்றில் விளையாட்டைப் பதிந்துவிட்டார். அது அவர்களுடைய கலியாண வீட்டில் பதிந்த நாடா. ராத்தாவைப் பெற்ற வாப்பா காலமாகிப் பல வருடம். அவர் குரல் வேறெங்கும் இல்லை. முன்பகுதிதான் அழிந்தது, வாப்பா பின்னுக்கு இருக்கிறார் என்று நானா சத்தியம் செய்தார். ராத்தா போட்டுக் கேட்க மறுத்துவிட்டார்.

"அந்தப் பெட்டியும் நாளைக்குச் சரியாகும் எண்டுதானே நாலு வருசமாச் சொல்றீங்க."

வாப்பா அதில் இல்லையென்றால் தாங்க ஏலாது, அதுதான் கேட்கவில்லை என்று ராத்தா என்னிடம் தனியாகச் சொன்னார்.

மிஞ்சிய நல்ல நாடா அதுதான். நானா திருத்தங்களைப் பழையதன் மேலேயே பதிந்து வந்தார். விளையாட்டை மட்டும் நீட்டவே இல்லை. இரண்டாவது கப்பல் வேண்டும் என்று நச்சரித்தேன். "ஒண்டு காணும் தங்கச்சி, போதும்," என்றார். சோம்பல் என்று நினைத்தேன்.

அவருக்காக ஓதும் ஏழாம் நாள் கத்தத்துக்குக் கிண்ணியா போனேன். வந்தவர்கள் போனபின் ராத்தா கணினிப் பெட்டியைக் காட்டி, ஓடுமா என்று பார்க்கச் சொன்னார். இரண்டு தரம் நிரல் ஏறவில்லை. "கைய எடுங்க, அது யோசிக்கட்டும்" என்பார் நானா. மூன்றாம் தரம் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். படகு வந்தது. வந்த சந்தோசத்தில், நாடாவை நிறுத்தாமலே ரெக்கோடரைக் கணினியோடு இணைக்கும் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

வெளியே கேட்கத் தொடங்கிய நாடாவில், விளையாட்டு முடிந்த இடத்தில் கொஞ்சம் இரைச்சல். பிறகு ஒரு வயதான ஆண்குரல், "மாப்பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் வட்டலப்பம் வைங்க" என்றது. இரண்டாவது கப்பல் வந்திருந்தால் இந்த இடத்தில்தான் ஏறியிருக்கும்.

ராத்தா நாடாவை முடியும்வரை கேட்டார். பிறகு, "அவங்க சொன்னவங்கதான்," என்றார். "நான்தான் கேக்கல்ல."

நாடா அவரிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது, கத்தத்துக்குச் சமைக்க அரிசிப் பீப்பாவைக் கவிழ்த்தபோது அடியில் கிடைத்த அந்த விசை மூடி. நான் இப்போது நானாவின் கதிரையில்தான் இருக்கிறேன். மூடி மேசையில் என் முன்னால் கிடக்கிறது. அதற்காக அவர் மாற்றிய துறைமுகத்தைப் பழையபடி திருப்பி வைக்கிற எண்ணம் எனக்கில்லை.