கோழிக்கு வாங்கிய அரிசி

பிடி அரிசி என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எங்கள் கடற்கரையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் மாதா கோவிலுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் டப்பாவும் கையுமாக வரிசையில் போவார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு அண்டா இருக்கும். அதன் பக்கத்தில் நின்று டப்பாக்களை வாங்கிக் கொட்டுவது என் அத்தை, அப்பாவின் அக்கா. பூசை முடிந்ததும் அந்த அரிசியை ஏலம் விடுவார்கள். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி எல்லாம் கலந்து கிடப்பதால் சோறாக்க லாயக்கில்லை. கோழி வளர்க்கிறவர்கள்தான் எடுப்பார்கள்.

அந்த வருஷம் ஏலப் பணம் ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டப் போகிறது என்றார் சாமியார். மரத்தடியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளின் படத்தைக் கோவில் வாசலில் ஒட்டினார். படத்தில் முன்னால் இருந்த பையன் என்னைவிடக் கொழுகொழுவென்று இருந்தான். அம்மாவிடம் சொன்னேன். பிள்ளைமேல் கண்ணு வைக்காதே என்று திட்டினாள்.

அப்போது பார்த்துக் கடலைக் கொந்தளிக்க வைக்கும் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. அப்பாவின் வள்ளம் கரையைவிட்டு நகரவில்லை. முதலில் அம்மாவின் தட்டில் சோறு குறைந்தது, பிறகு என் தட்டிலும் குறைந்தது. டப்பாவுக்குப் போகும் பிடி மட்டும் குறையவே இல்லை.

"எம்மா, நமக்கே இல்ல. இந்த வாரம் போடாட்டா என்ன?"

"நான் வரிசையில போகலன்னா ஊரு என்ன ஏதுன்னு கேக்கும்ளா. அப்புறம் உங்கப்பா எப்படித் தல நிமிந்து நடப்பாரு?"

ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டுமே! பசிக்கிறது என்று சொன்னால் இந்த அம்மாவுக்குக் காது கேட்காது, ஊர் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பானையில் ஒரு மணி அரிசிகூட இல்லாதபோதும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போனாள்.

மத்தியானம் அத்தை ஒரு சாக்கோடு வந்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் ஆகாது. ஒருத்தி கொடுத்து இன்னொருத்தி வாங்கி நான் பார்த்ததே கிடையாது.

"ஏளா, கோழிக்குன்னு ஏலத்துல எடுத்தேன். நெறையக் கெடக்கு. உன் கோழிக்கும் போடு."

எங்கள் வீட்டில் கோழி கிடையாது. ஒரு குஞ்சுகூடக் கிடையாது.

"அத்தே, எங்க வீட்ல ஏது கோழி?" என்றேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வாங்கப் போறோம் மைனி. அந்த மூலையில வைங்க."

"வாங்கு, வாங்கு. முட்ட விட்டா எனக்கும் குடு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இல்லாத கோழியைப் பற்றி அக்கறையாகப் பேசினார்கள். கோழிக்குக் கூடு எங்கே வைப்பது என்றுகூட அத்தை யோசனை சொன்னாள். பெரியவர்களுக்குப் புத்தி மட்டு என்று அன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் அந்த அரிசிதான் எங்கள் தட்டுக்கு வந்தது. பொன்னி குழைந்து கூழாகியிருந்தது. ரேஷன் அரிசி பல்லில் நறநறவென்று கடிபட்டது.

"கோழி அரிசிய நாம ஏன் திங்கணும்?"

"கோழி வரட்டும், அதுக்கு வேற போடலாம். வாய மூடிக்கிட்டுத் தின்னு."

அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. வழக்கத்தைவிட வேகமாகத் தின்றுவிட்டு வள்ளத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நடந்ததுதான் என்னால் தாங்கவே முடியாதது. அம்மா உலை வைத்தாள். அந்தச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கோவில் டப்பாவில் போட்டாள்.

"எம்மா, அது கோவில் அரிசிதான! அங்கன இருந்து வந்தத அங்கனயே கொண்டுபோய்க் கொட்டப் போறியா?" என்று கத்தினேன்.

"அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாமா?" என்றாள், அடுப்பைப் பார்த்தபடி. வாரம் முழுக்க ஒரு வேளை தவறாமல் எடுத்துப் போட்டாள். ஒரே அரிசி கோவிலுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தால் ஆப்பிரிக்காவில் சுவர் எப்படி எழும்பும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எங்களுக்கு முன்னால் போன ஒவ்வொரு டப்பாவிலும் ஒரே நிறத்தில் அரிசி இருந்தது. சிலருடையது வெள்ளை, சிலருடையது பழுப்பு. எங்கள் டப்பாவில் மட்டும் பருமனும் சன்னமும் வெள்ளையும் பழுப்புமாக ஊர் அரிசி மொத்தமும் கிடந்தது. பின்னால் நின்ற பெண்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை டப்பாவை வாங்கினாள். உள்ளே ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அண்டாவுக்குள் நன்றாகத் தாழ்த்திக் கவிழ்த்தாள்.

அரிசி சிந்திவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.