சூடு ஆறாத டிரம்கள்

அந்தக் கம்பித் தொழிற்சாலையில் அவளுக்கு ‘ஏன் அக்கா’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் பாவிகள் பொருத்தமாக வைத்துவிட்டார்கள். பேக்கிங் பகுதியில் லேபிள் ஒட்ட வந்தவள் அவள். லேபிளில் இருக்கும் எண் என்ன, அதை யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டுக் கேட்டே சூப்பர்வைசரின் உயிரை வாங்கினாள். தொல்லை தாங்காமல் அவர் அவளைச் சோதனை அறைக்கே தள்ளிவிட்டார். அங்கே போனதிலிருந்து அவளுக்குச் சாப்பாட்டு மணி அடிப்பதுகூடக் காதில் விழுவதில்லை.

வேலை இதுதான். செம்புக் கம்பி சுற்றிய டிரம் உள்ளே வரும். கம்பியின் இரண்டு முனைகளிலும் கவ்வி மாட்டி, மின்சாரம் விட்டு, மின்தடை எவ்வளவு என்று மீட்டரில் பார்க்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் கம்பி எங்கோ மெலிந்திருக்கிறது, அல்லது செம்பே சரியில்லை. சிவப்புச் சீட்டு கட்டி ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள்.

அந்தச் சிவப்புச் சீட்டெல்லாம் கொஞ்ச நாளாக அவளுடைய கொழுந்தன் டிரம்களிலேயே விழுந்துகொண்டிருந்தது. அவன் பகல் ஷிப்டில் கம்பி இழுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவன். அந்த மெஷினில் நிற்க எத்தனை வருஷம் தவம் கிடந்தான் என்பது வீட்டுக்கே தெரியும். ராத்திரி ஷிப்ட் டிரம்கள் ஜம்மென்று பாஸ் ஆகின்றன; அதே மெஷின், அதே செம்பு, இவனுடையது மட்டும் ஃபெயில். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “இப்படியே போனா உன்னை மூட்டை ஏத்துற இடத்துக்கு மாத்த வேண்டியதுதான்.”

வீட்டில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “வேத்தாளுங்க கம்பியெல்லாம் பாஸ் பண்ற. வீட்டுப் பிள்ளையோடது மட்டும் உனக்கு ஆகலையா?”

“நான் என்ன அத்தை பண்றது? மீட்டர் சொல்லுது.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பதில் அவளுக்கே தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. மீட்டர் சொன்னால் சரியாகிவிடுமா? ஏன்?

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். முனையில் அழுக்கு இருந்தால் மின்தடை கூடும் என்று உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். கவ்விகளை இறுக்கினாள், வயர்களை மாற்றினாள். மின்சாரத்தை ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் விட்டுச் சராசரி எடுத்தாள். அளவு முன்பே தெரிந்த ஒரு மின்தடையை மாட்டி மீட்டரையே சோதித்தாள். மீட்டர் பத்தரை மாற்றுத் தங்கம். ஒவ்வொன்றுக்கும் எண் துளித்துளியாக அசைந்தது, ஆனால் கொழுந்தனின் டிரம் வரம்புக்குக் கீழே இறங்குவேனா என்றது.

சூட்டை விட்டுவிட்டாளா என்றால், அதுவும் இல்லை. செம்பு சூடானால் மின்தடை ஏறும் என்பது அந்த அறையில் பாலபாடம். அதனால்தான் சுவரில் தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். டிரம்மைத் தொட்டும் பார்ப்பாள். ஏசி அறையில் கம்பி சில்லென்றுதான் இருக்கும்.

விடை கிடைத்தது பீரோ முன்னால். இஸ்திரி போட்ட துணிகளை அடுக்காக எடுத்து உள்ளே வைக்கும்போது விரல்கள் நடுவில் போய்விட்டன. மேல் துணி ஆறிக் கிடக்கிறது, நடுத் துணி இன்னும் வெதுவெதுவென்று இருக்கிறது. “அட!” என்று கத்தியேவிட்டாள். மாமியார் பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்தார்.

மறுநாள் மதியம், கொழுந்தனின் டிரம் வந்ததும் மெல்லிய தெர்மாமீட்டர் ஒன்றை உள்சுற்றுகளுக்கு நடுவே செருகினாள். சுவர் ஒன்று சொன்னது, கம்பியின் வயிறு வேறொன்று சொன்னது. ராத்திரி டிரம்கள் விடிய விடிய முற்றத்தில் ஆறிவிட்டு வருகின்றன. பகல் டிரம்களோ உலையில் பதமாகி நேராக இங்கே வருகின்றன. இத்தனை நாள் அவள் தொட்டுப் பார்த்தது மேல்சுற்றை மட்டும்!

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு குஷி வந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. மேனேஜரிடம் ஓடினாள். ஒதுக்கி வைத்த டிரம்கள் எல்லாவற்றையும் சோதனை அறையில் போட்டு, உள்ளும் புறமும் ஒரே சூடாகும்வரை காத்திருந்து திரும்ப அளப்பதென்று முடிவாயிற்று. “எல்லாம் பாஸ் ஆனா அவன் மெஷின் அவனுக்கு. நிஜமாவே ஒண்ணு ஃபெயில் ஆனாலும் நான் யோசிக்கணும்” என்றார் மேனேஜர்.

அளக்கும்போது கொழுந்தனும் வந்து நின்றான். ஒரு டிரம் பாஸ், அடுத்தது பாஸ். அவன் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. கடைசி டிரம்மில் அவள் கை நின்றது. கவ்வியைக் கழற்றித் தேய்த்து மாட்டினாள். திசையை மாற்றினாள். உள்ளே செருகிய தெர்மாமீட்டரும் சுவரும் ஒரே எண்ணைக் காட்டின. பழியைப் போட அவளிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவளே சரிசெய்து வைத்திருந்தாள். இதற்கா இத்தனை பாடுபட்டோம்?

“எவ்வளவு அண்ணி?”

“மயிரிழைதான் தம்பி. ஆனா மேல.”

“உங்க பக்கம் எல்லாம் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன்.”

அவன் சட்டைப்பையிலிருந்து, கம்பியின் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்து வெளிமுனையில் பிடித்துத் திருகினான். கையளவு தள்ளி மறுபடி பிடித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையிலிருந்த சிவப்புச் சீட்டை எடுத்து, தானே அந்த டிரம்மில் கட்டினான்.

அவள் தடுப்பதற்குள் மேனேஜர் அறைக்கு நடந்தான். இத்தனை நாள் கூனிக் குறுகிப் போன வாசல் அது. இன்று நிமிர்ந்து நின்று சொன்னான்:

“ஒண்ணு என்னுது சார். மெஷின்ல இழுப்பு ஜாஸ்தியாகி கம்பி மெலிஞ்சிருக்கு, நான் கவனிக்கல. மத்தது எதுவும் என் தப்பு இல்ல.”